துரை விற்கும் கிதார்

தேயிலை ஃபாக்டரியில் சனிக்கிழமை வேலை முடியும் சங்கு அலறுகிறது. ஃபாக்டரி ஜெனரேட்டர் நின்றதும், துரை பங்களா வராந்தாவில் மரியஜோசப் மீட்டிய சுரம் ஸ்பீக்கர் பெட்டிக்குள்ளேயே செத்துப்போகிறது. சீமைக்குத் திரும்பும் துரை விற்கச் சொன்ன இரண்டு கிதார்களில் மரக் கிதார் மலிவு. கரண்டு வேண்டாம், மாதா கோயில் முழுக்கக் கேட்கும். ஆனால் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பட்டு விறைத்த மரியஜோசப்பின் இரண்டு விரல்கள் அதன் தடித்த கழுத்துக்கு வளைவதில்லை. சிவப்பு எலெக்ட்ரிக் கிதாரோ பூனைபோல மடியில் படுத்துக்கொள்கிறது. அதன் மெல்லிய கழுத்தில் அந்த விரல்களும் ஓடுகின்றன. இப்போது எவ்வளவு ஓங்கி மீட்டினாலும் கொசு முனகல்தான். வராந்தாவுக்குள் மூடுபனி ஏறுகிறது. “கோயிலுக்கும் ஃபாக்டரி கரண்டு லைன்தானண்ணே? கிறிஸ்துமஸ் பாட்டுக்கு இதையே எடுத்துக்கிடுதேன்,” என்கிறான். பட்லர் சங்கையா சிவப்பு உடம்பைத் துணியால் மெதுவாகத் துடைக்கிறார்.

“லைன் இருக்குடே. கிறிஸ்துமஸுக்கு ஃபாக்டரி லீவுல்லா?”