பின்னாலேயே வந்த ஜீப்

உத்தமன் போட்டிருந்த எஸ்.ஐ. உடுப்பு, அம்பத்தூரில் நாடகச் சாமான் கடையில் வாடகைக்கு எடுத்தது. அதை மாட்டிக்கொண்டு வெள்ளானூர் திருப்பத்தில் நிற்பான். ஹெல்மெட் இல்லாமல் வருகிறவர்களை ஓரங்கட்டி, கொடுப்பதை வாங்கிக்கொள்வான். முதுகு ஒடிய மூட்டை தூக்கின பிழைப்புக்கு இது எவ்வளவோ தேவலை. வீட்டில் மனைவி மங்களத்திடம் செக்யூரிட்டி வேலை என்று சொல்லி வைத்திருந்தான். மாட்டினால் புழல் ஜெயில்தான்.

அன்று காலை ஒரு போலீஸ் ஜீப் அவன் பக்கத்தில் வந்து நின்றது. ஓட்டி வந்தவரே இன்ஸ்பெக்டர். அவர் வாயைத் திறப்பதற்குள் உத்தமன் பைக்கை உதைத்துக் கிளப்பிவிட்டான்.

ஜீப்பும் பின்னால் வந்தது.

வேகமாகப் போனான், வேகமாக வந்தது. மெதுவாகப் போனான், மெதுவாக வந்தது. பூந்தமல்லி நெரிசலில் சந்து சந்தாகப் புகுந்து பார்த்தான். அங்கேயும் மூக்கை நீட்டியது. கடைசியில் செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் மண்பாதையில் இறங்கினான். முந்தின நாள் மழையில் அது பாதையாகவே இல்லை. பைக் சேற்றில் புதைந்து, செயின் அறுந்து உயிரை விட்டது. பின்னால் ஜீப்பும் மாட்டிக்கொண்டு, மெல்ல இரண்டு தரம் ஹார்ன் அடித்தது.

"நக்கலப் பாரு! புடிக்கணும்னா புடி, இன்னாத்துக்கு ஹார்ன் அட்சிகினு கீறே?" என்று முனகியபடி மெயின் ரோட்டுக்கு ஓடி, வந்த வேனை மறித்தான்.

வேனுக்குள் கொம்பு முளைத்தவன் ஒருத்தன், மண்டையில் கோடரி இறங்கியவன் ஒருத்தன், நீல முடியோடு ஒரு பெண். போலீஸே தேவலை என்று தோன்றியது.

"செம கெட்டப் அங்கிள்! நீங்களும் கேம் திருவிழாவுக்கா? ஏறுங்க, நான் ரோஷினி," என்றது நீல முடி.

"எங்கியோ ஒண்ணு, சீக்கிரம் இட்டுகினு போம்மா!"

திருமழிசை தாண்டி ஒரு பெரிய மண்டபம். வீடியோ கேமில் வருகிற உருவங்களைப் போல வேஷம் கட்டிக்கொண்டு ஊர்ப்பட்ட கூட்டம். வேஷக்காரர்களுக்கு டிக்கெட் இல்லை என்று உத்தமன் நெஞ்சிலும் ஒரு நம்பரைக் குத்தி உள்ளே விட்டார்கள். உள்ளே நாலைந்து போலீஸைப் பார்த்ததும் அவனுக்கு மூச்சே நின்றது. அதில் ஒருவருக்கு வால் இருந்தது. அப்புறம்தான் மூச்சு திரும்பியது.

'இத்தினி வேஷத்துல என்னை எப்டிடா கண்டுபுடிப்பான்?'

கண்டுபிடித்துவிட்டார். இடுப்பு வரை சேற்றோடு வாசலில் நின்ற அதே இன்ஸ்பெக்டர், நேராக அவனை நோக்கி நடந்து வந்தார். ஒரு கை முதுகுக்குப் பின்னால் இருந்தது.

உத்தமன் தடாலென்று காலில் விழுந்தான்.

"சார், புழலுக்கு வேணா போறேன், அடிக்க மட்டும் அடிக்காதீங்க! உடுப்பு வாடகை சார்! வெள்ளானூர்ல வண்டிய மடக்கி துட்டு வாங்கினது நான்தான் சார்!"

மண்டபமே கை தட்டியது. "அங்கிள், ஆக்டிங் வேற லெவல்!" என்று ரோஷினி விசில் அடித்தாள்.

இன்ஸ்பெக்டர் ஏகாம்பரம் திருதிருவென்று விழித்தார்.

"யோவ், நான் இந்த விழாவுக்குச் சிறப்பு விருந்தினர்யா. ஊருக்குப் புதுசு, வழி கேக்கத்தான் வண்டிய நிறுத்தினேன். கேக்கறதுக்குள்ள நீ முன்னால கிளம்பினே. எனக்கு வழிகாட்ட ஸ்டேஷன்லேருந்து அனுப்பின ஆளுன்னு நெனச்சேன். நீ வேன்ல ஏறினதும் நானும் ஜீப்ப விட்டுட்டு ஒரு ஆட்டோ புடிச்சு பின்னாலயே வந்தேன். பைக் போயும் வேன் புடிச்சுக் கொண்டாந்து சேத்தியே, நன்றி சொல்லலாம்னு வந்தா..."

பின்னாலிருந்த கை முன்னால் வந்தது. வாசலில் விழாக்காரர்கள் அவருக்குக் கொடுத்த பொன்னாடை, அவனுக்குப் போர்த்துவதற்காக மடிப்புக் கலையாமல் இருந்தது.

விழாவுக்கு வந்தவரிடம் விலங்கு ஏது? அந்தப் பொன்னாடையாலேயே உத்தமனின் இரண்டு கைகளையும் சேர்த்துக் கட்டினார்.