நீட்டிய கை

"இடது கையால நீட்டறான்மா!"

எபோ அம்மாவின் பக்கம் திரும்பினான். நீட்டிய தொப்பியை அவன் வாங்கவில்லை.

அராபாவுக்கும் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. தக்கோராடி துறைமுக ஊரின் மைதானத்தில் வேலைவாய்ப்பு முகாம். பலகை ஆலையின் பந்தலில், மரம் அறுக்கும் மிஷினுக்கு ஆள் எடுக்கிறார்கள். ஆலையின் பச்சைத் தொப்பி கைக்கு வந்துவிட்டால் திங்கட்கிழமையே வேலை. அதற்காகத்தான் மகனை அழைத்துக்கொண்டு விடியற்காலையிலிருந்து கால் கடுக்க வரிசையில் நின்றாள். ஜெபம் பண்ணிக்கொண்டே நின்றாள்.

முறை வந்தபோது இந்த மரியாதை!

தொப்பி கொடுக்கிறவனின் சட்டையில் 'எஜிர்' என்று பெயர் குத்தியிருந்தது. நம் ஊர் ஆள்தான். வலது கை கால்சட்டைப் பைக்குள். முகம் கொள்ளாத சிரிப்பு.

"ஏன்ப்பா, உன்னை வளர்த்தது ஒரு தாயா, இல்ல ஆட்டு மந்தையா?" என்றாள் அராபா. "வலது கையெல்லாம் மீனா இருக்கற சந்தைக்காரிகூட, 'இடது கைக்கு மன்னிக்கணும்'னு சொல்லிட்டுத்தான் சில்லறை நீட்டுவா. அந்த ஒரு வார்த்தைக்கு உன் வாயில பஞ்சமா?"

எஜிர் அதே சிரிப்போடு நின்றான். தொப்பியை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினான். அதே கையால்.

"கம்பெனிச் சட்டை போட்டுட்டா அப்படித்தான் ஆன்ட்டி," என்றான் வரிசையில் நின்ற ஒருவன். "அவனுக்கு நாமெல்லாம் நாய்."

"எங்க வீட்டுல நாய்க்கே வலது கையாலதான்டா சோறு வைப்போம்!" என்றான் பின்னால் இருந்தவன். காறித் துப்பிவிட்டு வரிசையை விட்டு விலகினான். அவன் பின்னாலேயே இன்னும் சிலர்.

போன மாதம்தான் இந்த நாட்டில் வந்து இறங்கியிருந்த வெள்ளைக்கார மேலாளருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆள் சேர்ப்பது எப்படி என்று அவர் சொல்லிக்கொடுத்தபடிதான் எஜிர் எல்லாம் செய்கிறான். உட்காராமல் நிற்கிறான். சிரிக்கிறான். கேட்பதற்கு முன்னால் கொடுக்கிறான். அப்புறமும் ஏன் ஓடுகிறார்கள்?

"இன்னும் சிரி, எஜிர்!" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

எபோ விறுவிறுவென்று வெளியே நடந்துவிட்டான். அராபா மூச்சிரைக்க ஓடி, வாசல் மதிலருகே அவனைப் பிடித்தாள்.

"பட்டினி கிடக்கறேன்மா. அந்தக் கையால மட்டும் வாங்க மாட்டேன்."

"மானத்தையாடா வேக வெச்சுத் திங்கறது? படகுக்கு மீன் சிக்கறதில்ல. நான் எந்த மீனைப் புகையில வாட்டி விக்கறது? உன் தங்கச்சி ஸ்கூலுக்குப் போயி எத்தனை நாளாச்சு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை, வாசல் என்றுகூடப் பார்க்காமல் அழுதான்.

அப்போதுதான் அராபாவுக்குச் சுருக்கென்றது. அந்த மனுஷனின் வலது கை வெளியே வரவே இல்லையே! ஒருவேளை விளங்காத கையோ? வெட்கப்பட்டுப் பைக்குள் மறைத்து வைத்திருக்கிறானோ? ஊனப்பட்டவனையா ஆட்டு மந்தை என்றேன்? ஆண்டவரே, என்னை மன்னியும்.

"நீ இங்கயே இரு," என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

பந்தலில் இப்போது வரிசையே இல்லை. மேலாளர் தூரத்தில் போனில் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார். எஜிர் மட்டும் தனியாக நின்றிருந்தான். மேஜையில் தொப்பிகள் அப்படியே குவிந்து கிடந்தன.

"தம்பி, உன் கஷ்டம் தெரியாம வாய விட்டுட்டேன். மனசுல வெச்சுக்காத." அராபா இரண்டு கைகளையும் ஏந்தினாள். "எந்தக் கையால வேணும்னாலும் குடுப்பா. என் பையன் வாங்க மாட்டான். நான் வாங்கிக்கறேன்."

எஜிரின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. குனிந்து ஒரு பாக்கெட் தண்ணீரை எடுத்து நீட்டினான்.

"முதல்ல இதைக் குடிங்கம்மா."

வலது கை! ஒரு குறையும் இல்லை. ஐந்து விரலும் முழுசாக இருந்தன.

அராபாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "கை நல்லாத்தானே இருக்கு! அப்புறம் எதுக்குய்யா ஏழை வீட்டுப் பிள்ளைங்களைக் கூப்பிட்டு வெச்சு இப்படி அவமானப்படுத்தறே?"

எஜிர் மேலாளர் இருந்த பக்கம் ஒருமுறை பார்த்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"காலையில முதல்ல வந்த பசங்ககிட்ட, 'இந்த வேலை வேணாம், போயிடுங்கடா'ன்னு வாயாலதான் சொன்னேன். 'நாங்க பார்த்து இருந்துக்கறோம் அண்ணே'ன்னு தொப்பிய மாட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. வேலை இல்லாதவன் எதுக்கும்மா பயப்படுவான்? அவன்கிட்ட மிச்சமிருக்கறது மானம் ஒண்ணுதான். அதைச் சீண்டினாத்தான் போறான்."

"எனக்குப் புரியலப்பா. புரியற மாதிரி சொல்லு."

"கத்திச் சொன்னா என் வேலை போயிடும். வீட்டுல ஒருத்தனுக்கு நான்தான் சோறு ஊட்டி விடறேன்," என்றான் எஜிர். "என் கைக்கு ஒண்ணும் இல்லம்மா. உங்க பையன் நிக்க வேண்டிய அதே மிஷின்ல நின்னானே, என் தம்பி... அவனுக்குத்தான் ரெண்டு கையும் இல்ல."