முதல் பூசைக்கு வந்த பக்தி

“மேலே பாடுறது யாரு வீட்டுப் பொண்ணுங்க?”

பூசை முடிந்து சனம் கலைந்த பிறகும் ரோசரியம்மாள் பாலக்கரை மாதா கோயில் வாசலை விட்டு நகரவில்லை. தலைக்கு மேலே பாட்டு மாடியில் ஒரு பெண் அடுத்த வாரப் பாட்டைப் பாடிப் பழகிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு சொல்லும் முத்து முத்தாக விழுந்தது.

பக்கத்தில் நின்ற அற்புதசாமி மாடியைப் பார்த்துச் சிரித்தார். யுத்தம் முடிந்ததும் சிங்கப்பூரிலிருந்து குடும்பத்தோடு கப்பலேறி ஊர் திரும்பியவர் அவர்.

“என் மகன் தைரியராஜுக்குத்தான் கேக்கறேன். பொன்மலை ரயில் ஒர்க்‌ஷாப்புல நல்ல வேலை. எந்தப் பொண்ணைக் காட்டினாலும் உதட்டைப் பிதுக்கறான். ஆனா பக்தி மட்டும் வந்துருச்சுங்க! ரெண்டு மாசமா விடியறதுக்குள்ள எழுந்து முதல் பூசைக்கு ஓடறான். எல்லாம் நான் மாதாவுக்கு நேர்ந்துகிட்ட பலன். இன்னிக்கு என்னையும் வரச் சொன்னதே அவன்தான்.”

அற்புதசாமி தொண்டையைச் செருமினார். “எனக்கும் ஒரு பொண்ணு இருக்காம்மா.”

“தப்பா நெனைக்காதீங்க. சிங்கப்பூர்ல வளந்த பொண்ணு நமக்கு ஒத்துவருமா? அங்கே எல்லாம் கலந்து கெடக்குமாமே?”

“கலந்துதாம்மா இருக்கும். நாலு பேர்ல மூணு பேர் சீனர். மிச்சம் மலாய்க்காரங்க, நம்மாளுங்க, இன்னும் யார் யாரோ. பள்ளிவாசல், மாரியம்மன் கோயில், சீனர் கோயில் எல்லாம் பக்கம் பக்கமா இருக்கும். குண்டு விழுந்தப்போ எது கிட்டத்துல இருந்துச்சோ அதுக்குள்ள ஓடினோம். என்ன மதம்னு ஒருத்தரும் கேக்கல.”

ரோசரிக்குக் கண் கலங்கியது. எவ்வளவு பெரிய மனசுள்ள ஊர் என்று வியந்தாள். ஆனாலும் மகன் கல்யாணம் என்பது வேறு விஷயமாயிற்றே.

“எனக்கு இந்தப் பாட்டுக்காரிதான் மருமக. மாதா மேல ஆணை! இப்படித் தமிழ் நம்ம மண்ணுல பொறந்தவளுக்குத்தான் வரும்.”

பாட்டு நின்றது. கண்டாங்கிச் சேலையும் தலை நிறைய மல்லிகையுமாக ஒரு பெண் படியிறங்கி வந்தாள். முகம் அச்சு அசல் சீன முகம்.

“போலாமாப்பா?” என்றாள் அற்புதசாமியிடம்.

ரோசரி அவளையும் அற்புதசாமியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“சீனர் கணக்குல புலி வருஷத்துல பொறந்த பொண்ணு வீட்டுக்கு ஆகாதுன்னு பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பம் கைக்குழந்தையா குடுத்தாங்கம்மா,” என்றார் அவர் மெதுவாக. “லூர்துராணின்னு பேர் வச்சு வளத்தோம். ஆணையைப் பத்திக் கவலைப்படாதீங்க. மாதா மன்னிச்சுருவா.”

ரோசரி அந்த முகத்தையே பார்த்தாள். கொஞ்சம் முன்னால் தன்னை உருக வைத்த குரல் அங்கேதான் இருந்தது.

“நான் எதுக்குங்க மன்னிப்பு கேக்கணும்? புலியோ பூனையோ, இவதான் என் மருமக!” என்றாள். உடனே முகம் வாடியது. “ஆனா அவன் சம்மதிக்கணுமே. எந்தப் பொண்ணையும் பிடிக்காதவனாச்சே!”

லூர்துராணி சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குப் பின்னால், ஹார்மோனியத்தைத் தோளில் சுமந்தபடி, அசடு வழிய மாடியிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தான் தைரியராஜ்.