சின்ன பேட்டரியே போதும்

"டீசல் வண்டிக்கு இந்தச் சின்ன பேட்டரியா? யானைப் பசிக்குச் சோளப்பொரி போட்ட கதையால்ல இருக்கு!"

கடைக்காரம்மா சொல்லிவிட்டுச் சிரித்தாள். பெரியவர் சிரிக்கவில்லை. கீழ்த்தட்டின் ஓரத்தில் இருந்த சின்ன பேட்டரியைக் காட்டிய விரலை அவர் எடுக்கவும் இல்லை.

"எங்க காரே சின்னதுதாம்மா. இதுவே போதும்."

"கார் சின்னதா இருக்கட்டும், இன்ஜின் டீசலாச்சே! பெட்ரோல்னா ஒரு பொறி தட்டினா பத்திக்கும். டீசல்ல பொறியே கிடையாது. காத்தை அமுக்கி அமுக்கி, அந்தச் சூட்டுலதான் பத்தணும். நாலு மடங்காவது அமுக்கணும். பேட்டரி தம் கட்டிச் சுத்திவிட்டாத்தான் அது நடக்கும்."

சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருந்த பெரியவரின் மகள் சட்டென்று தலையைத் தூக்கினாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பெரியவருக்குத் திக்கென்றது. நல்லவேளை, அவள் ஒன்றும் சொல்லாமல் மறுபடி போனுக்குள் கவிழ்ந்துகொண்டாள்.

காலையில் கார் கிளம்பவில்லை. சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' என்ற சத்தத்தோடு சரி. பேட்டரியின் ஆயுள் முடிந்துவிட்டது. நாளை விடியற்காலையில் இதே காரில்தான் மகளை விமான நிலையத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். அந்த நேரத்துக்கு இவர்கள் இருக்கும் மூலைக்கு வாடகைக் கார் எதுவும் வராது. எதிர்வீட்டுக்காரரின் வண்டியில் தொற்றிக்கொண்டு கடைக்குப் புறப்பட்டபோது, "நானும் வரேன்ப்பா" என்று அவளே வந்து ஏறிக்கொண்டாள். கூட வருகிறாளே என்று சந்தோஷம் ஒரு பக்கம், காரியம் கெட்டுவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம்.

"சரி, இதை மாட்டினா என்ன ஆகும்?" பெரியவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மத்தியான வெயில்ல கிளம்பினாலும் கிளம்பும். விடியக்காலைக் குளிர்ல முக்கி முனகிட்டு அப்படியே படுத்துக்கும்."

"நிச்சயமா படுத்துக்குமா?"

"எழுதியே தரேன்."

"அப்ப இதையே குடுத்துருங்க."

கடைக்காரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். எவ்வளவோ கஞ்சர்களைப் பார்த்தவள்தான். ஆனால் கிளம்பாத பேட்டரிதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறாள்.

"ஏண்ணே, நாளைக்குப் பொண்ணை ஏர்போர்ட்ல விடணும்னு வந்ததும் வராததுமா சொன்னீங்களே?"

பெரியவர் ஓரக்கண்ணால் மகளைப் பார்த்துவிட்டுக் கல்லாப் பக்கமாகக் குனிந்தார்.

"போகட்டும்மா, வேண்டாங்கல. ஒரு நாள் கழிச்சுப் போகட்டும். வந்ததுலேர்ந்து அம்மாகூடக் கடைக்குப் போறா, சித்தி வீட்டுக்குப் போறா, பல் டாக்டர்கிட்ட போறா. நம்ம பக்கம் எப்ப வருவான்னு பார்த்துக்கிட்டே இருந்தேன், லீவு முடிஞ்சுபோச்சு. இனிமே எப்ப வருவாளோ! ஒரே ஒரு நாள், எனக்கு எதிர்ல சும்மா உட்கார்ந்திருந்தாப் போதும்."

சொல்லிவிட்டு மறுபடியும் மகள் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

"இதை வாயைத் திறந்து அதுகிட்ட கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டா இருந்துருவாம்மா. அப்புறம் அங்க வேலையில ஏதாச்சும் ஒண்ணுன்னா அப்பாவாலதானேன்னு ஆயிரும். பழி வண்டி மேல போனாப் பரவாயில்ல."

"நல்லா இருக்கு! பாவம் ஓரிடம், பழி என் கடை பேட்டரி மேலயா?"

வாய் அப்படிச் சொன்னாலும் கடைக்காரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"கண்டுபிடிச்சிராதா? அது என்ன வேலை பாக்குது?"

"கம்ப்யூட்டர்ல என்னமோ படம் வரையிற வேலை. போன்ல கேட்டா, 'படம் வரைஞ்சிட்டு இருக்கேன்ப்பா, அப்புறம் கூப்பிடுறேன்'ம்பா. என்ன படம்னு கேக்கறதுக்குள்ள போன் கட்டாயிரும்."

பெரியவர் நிமிர்ந்து நின்று, மகளுக்குக் கேட்கும்படி குரலை உயர்த்தினார். "என்னம்மா, சின்னதே வாங்கிறலாமா?"

"உங்களுக்குத் தெரியாததாப்பா? எது சீக்கிரம் ஆகுமோ அதை வாங்குங்க."

தலையைக்கூட நிமிர்த்தாமல்தான் சொன்னாள். நினைத்த காரியம் முடிந்தது. ஆனாலும் பெரியவருக்குச் சுருக்கென்றது. கிளம்புவதில் இவளுக்குத்தான் எத்தனை அவசரம்! பேட்டரியை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

மகளும் எழுந்து பின்னாலேயே நடந்தாள். கடைக்காரம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. எட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நில்லு பாப்பா. உங்கப்பா எடுத்துட்டுப் போறது உங்க வண்டிக்குத் தாங்காது. நாளைக்கு விடியக்காலையில நீ பெட்டியோட வாசல்லதான் நிப்பே. கம்ப்யூட்டர்ல படம் வரையிற பொண்ணு, உனக்கு டீசல் சமாச்சாரம் எங்க தெரியப்போகுது? பெரிய பேட்டரியா மாத்தித் தரேன், அப்பாவைக் கூப்பிடு."

மகள் கூப்பிடவில்லை. வாசலில் எதிர்வீட்டுக்காரரின் வண்டிக்குள், பேட்டரியை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் அவளுக்கு இடம் விட்டு ஒடுங்கி உட்கார்ந்திருந்த அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெல்லக் கையை விடுவித்துக்கொண்டாள்.

"நாலு மடங்கு இல்லக்கா, பதினாறு மடங்கு அமுக்கணும்" என்றாள். "நான் வரையிற படமே டீசல் இன்ஜின்தான். அப்பாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க."