பாதியில் நின்ற பில்ட்

"மறுபடியும் பில்ட் ஊத்திக்கிச்சு!" என்று தீபிகா கத்தினாள். லோகேஷுக்கு மானமே போனது.

சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு மாடியில் இருந்த அந்த சாஃப்ட்வேர் ஆபீஸில், எல்லாருடைய ஃபைல்களும் உள்ளறையில் இருக்கும் ஒரே நெட்வொர்க் டிரைவில்தான். அங்கிருந்து எடுத்துத்தான் பில்ட் போட வேண்டும், அதாவது எல்லாவற்றையும் கோத்து ஒரே புரோகிராமாக்க வேண்டும். நடுவில் தொடர்பு விட்டுப்போனால் அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

டிரைவை அமைத்தவன் லோகேஷ். கேபிளை மாற்றினான், ஸ்விட்சை மாற்றினான். ஒரு வேளை ஒழுங்காக ஓடும், மறுவேளை காலை வாரிவிடும்.

ஒன்றை மட்டும் கவனித்தான். பில்ட் நின்றால் போதும், பிரசவ லீவு முடிந்து வந்திருக்கும் ஏலவார்குழலியின் நாற்காலி காலி!

நேரே முதலாளி மாணிக்கவேலிடம் போனான்.

"சார், டிமிக்கி குடுக்கறதுக்கு ஏலவார்குழலிதான் எதையோ நோண்டிக்கினு இருக்காங்க. கையும் களவுமா புடிச்சுக் குடுக்கறேன். அப்புறம் அவங்கள நீங்க வேலையில வச்சிருக்கக் கூடாது."

"பாக்கலாம்பா..." என்று மென்று விழுங்கினார் அவர்.

மறுநாள் உள்ளறை பீரோவுக்குப் பின்னால் பதுங்கினான் லோகேஷ். கதவு திறந்தது. வந்து கேபிளைப் பிடுங்கியவர் சாட்சாத் மாணிக்கவேல்!

"சார், நீங்களா?"

பாவம், மனுஷர் திருதிருவென்று முழித்தார்.

"கத்தாதப்பா. அந்தப் பொண்ணு வீடு பக்கத்துத் தெருதான். கைக்குழந்தை பசியில அழுதுக்கினு இருக்கும், போய்ப் பால் குடுத்துட்டு வாம்மான்னு சொல்லிப் பாத்துட்டேன். 'சலுகை வாங்கினா மத்தவங்க பேசுவாங்க சார்'னு எழுந்திருக்கவே மாட்டேங்குது."

பேசும் அந்த மத்தவங்க யாரென்று லோகேஷுக்குத் தெரியாதா? முகம் சுண்டிப்போனது.

"எங்கம்மாவும் இப்படித்தான்" என்றார் மாணிக்கவேல். "மாமியா பேசுவாங்கன்னு தறிய விட்டு எழுந்திருக்க மாட்டாங்களாம். நான் அழுதா, எங்கப்பா வேணும்னே ஒரு இழைய அறுத்து விட்டுடுவாராம். அவரு அதைக் கட்டி முடிக்கறதுக்குள்ள அம்மா எனக்குப் பால் குடுத்துட்டு வந்துடுவாங்களாம்."

சொல்லிக்கொண்டே கேபிளைத் திரும்பச் செருகப் போனார்.

வெளியிலிருந்து தீபிகாவின் குரல் கேட்டது. "என்ன லோகேஷ், யாருன்னு கண்டுபுடிச்சியா?"

லோகேஷ் சட்டென்று முதலாளியின் கையைப் பிடித்துத் தடுத்தான்.

"யாரும் இல்லக்கா, என் செட்டிங்லதான் தப்பு! சரி பண்ண நேரமாவும், நீங்கல்லாம் நிதானமா டீ குடிச்சிட்டு வாங்க."