சீலிங்கை மட்டும் தொடாதீங்க

"அக்கா, இதையெல்லாம் சுரண்டவா, வேண்டாமா? சொன்னாத்தான் நான் வேலையை ஆரம்பிக்க முடியும்."

ஏணி மேல் நின்ற பெயிண்டர் சீலிங்கைக் காட்டினார். இருட்டில் ஒளிரும் குட்டி நட்சத்திர ஸ்டிக்கர்கள், ஐம்பது அறுபது இருக்கும். நடுவில் ஒரு பிறை.

அவள் கதவருகே நின்றிருந்தாள். அது மகளுடைய அறை. வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய் மூன்று மாதம் ஆகிறது.

மகள் என்றால் வீட்டுக்காரரின் இறந்துபோன முதல் மனைவியின் மகள். இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட "அம்மா" என்று கூப்பிட்டதில்லை. "இந்தாங்க", "கேளுங்க" என்றே காலத்தை ஓட்டிவிட்டாள். முதல் நாளே அப்படித்தான். கதவைத் திறந்த எட்டு வயசு, இவள் முகத்தைப் பார்க்காமல் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றது. அந்தப் பார்வை இன்னும் நெஞ்சில் உறுத்துகிறது.

"காலையில போன்ல கேட்டேன் தம்பி. 'சுவத்துக்கு என்ன கலர் வேணா அடிங்க, சீலிங்கை மட்டும் தொடாதீங்க'ன்னு முகத்துல அடிச்ச மாதிரி சொல்லிட்டா. அவ அம்மா ஞாபகமா ஒட்டினதா இருக்கும். நானும் எவ்வளவுதான் பொறுத்துக்கிறது? சுரண்டிடுங்க."

பெயிண்டர் சுரண்டுகிற கரண்டியை எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அக்கா, இது கண்டபடி ஒட்டினது இல்ல. இந்த மூணும் வரிசையா இருக்கா? ஓரியன்ங்கிற நட்சத்திரக் கூட்டம். அங்க கொத்தா இருக்கிறது கார்த்திகை. நானும் டெலஸ்கோப் வச்சிருக்கேன். என் பொண்டாட்டி என்னைத் திட்டுறதே அதுக்குத்தான்."

"நட்சத்திரம் பாக்கிறவரா நீங்க?"

"பகல்ல சுவரு, ராத்திரி வானம். ரெண்டுலயும் கழுத்துவலிதான் மிச்சம்." சிரித்துக்கொண்டே கீழே இறங்கினார். "பிறைக்குப் பக்கத்துல பெரிய புள்ளி ஒண்ணு இருக்கு பாருங்க. அந்த இடத்துல அவ்வளவு பெரிய நட்சத்திரம் கிடையாது. அது வியாழன். நிலாவும் வியாழனும் கார்த்திகைக்குப் பக்கத்துல இப்படி நிக்கணும்னா, இது ஏதோ ஒரு குறிப்பிட்ட நாளோட வானம். அந்த நாளைக் கண்டுபிடிச்சிடலாம்."

கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். "இந்த ஆப் இணையத்துல சும்மாவே கிடைக்குது. தேதியைப் போட்டா, அன்னிக்கு இந்த ஊர்ல என்ன தெரிஞ்சுதோ அப்படியே காட்டும்."

அவளால் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. மகளின் அம்மா தவறிய தேதியைச் சொன்னாள்.

"இல்லையே. அன்னிக்கு நிலாவே இல்ல."

"அவங்க பொறந்தநாளா இருக்குமோ?" அந்தத் தேதியையும் சொன்னாள். வீட்டில் மாட்டியிருக்கும் படத்துக்கு வருஷா வருஷம் மாலை போடுகிறவளே அவள்தான்.

"அதுவும் ஒத்து வரல. நிலா இருக்கு, வியாழன் எங்கேயோ கிடக்கு. இருங்க, வியாழன் கார்த்திகைகிட்ட வந்த வருஷத்தை முதல்ல பிடிப்போம். பன்னண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் அங்க வரும்."

விரலால் நகர்த்திக்கொண்டே போனார். அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அகப்பட்டுக்கிச்சு!" போனைச் சீலிங்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். "அச்சு அசல் அதேதான் அக்கா! ரெண்டாயிரத்துப் பதிமூணு, மார்ச் பதினேழு, ஞாயித்துக்கிழமை. சாயங்காலம் ஏழு மணி."

அவள் அண்ணாந்து பார்த்தாள். பிறை மங்கலாகத் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"என்னக்கா, அவங்க அம்மா சம்பந்தப்பட்ட நாளா?"

"கரண்டியை உள்ள வைங்க தம்பி," என்றாள் அவள். "நான் பெட்டியும் கையுமா முதல் தடவை இந்த வாசல்ல வந்து நின்ன சாயங்காலம் அது."