காப்புக் கயிறு

திண்டிவனத்துக்குப் பக்கத்து அம்மன் கோயிலில், குடியை விடுகிறவர்களுக்குக் கயிறு கட்டும் பூசாரி, தள்ளாடி நின்ற தென்னரசுவைப் பார்த்துக் கொதித்தார்.

"கயிறு கட்டுற அன்னைக்குமா குடிச்சிட்டு வரணும்? எத்தினி வருசமா இந்தப் பழக்கம்?"

புருஷனைத் தாங்கிப் பிடித்திருந்த அம்பிகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒரு சொட்டு தொட்டதில்லைங்க சாமி! கழுத்து ரத்தக்குழாய்ல கொழுப்பு அடைச்சிக்கினு இருக்குது. மூளையில இருக்குற பொடிக் குழாய்ங்களும் கெட்டுப்போச்சுன்னு டாக்டர் சொன்னாரு. அதான் காலு தள்ளாடுது, நாக்கு குழறுது."

"அப்புறம் கயிறு எதுக்கும்மா?"

அவள் ஸ்கேன் ரிப்போர்ட்டை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இத்தக் காட்டினேன், ரைஸ்மில் மொதலாளி நம்பல. குடிகாரன்னு வேலைய வுட்டு நிறுத்திட்டாரு. கையில கயிறு இருந்தாத்தான் நம்புவாராம். குடிக்காத மனுசன் குடிய வுட்டுட்டாருன்னு கட்டி வுடுங்க சாமி!"